ஏலத்துக்கு 62 நாள்: திவால் மனு தள்ளுபடியான பிறகு டெக்சாஸில் ஒரு வீடு

2025 ஏப்ரல் 2, புதன்கிழமை. டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் வசிக்கும் கணவன் மனைவி போட்டிருந்த சாப்டர் 13 திவால் மனுவை ஃபெடரல் கோர்ட் தள்ளுபடி செய்கிறது. உத்தரவு ஒரே பக்கம். அது பதிவானதுமே, ஏழு மாதமாக வங்கியின் கையைக் கட்டி வைத்திருந்த ஸ்டே, அதாவது திவால் மனு போட்டதும் வரும் தடை, போய்விட்டது. ஜூன் 3, செவ்வாய்க்கிழமை வீடு ஏலத்துக்கு வருகிறது. இடையில் 62 நாள்.

இந்தத் தம்பதி, கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் உருவாக்கிய உதாரணம். அவர்களுடைய டாலர் தொகைகளும் அப்படித்தான். சட்டமும், நாள்காட்டியும், நடுவில் வரும் வழக்குகளும் நிஜம்.

டெக்சாஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் வேகம். நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற மாநிலங்களில் வங்கி வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கித்தான் வீட்டை ஏலம் விட முடியும். டெக்சாஸில் வீடு வாங்க எடுத்த சாதாரணக் கடனுக்கு அது தேவையில்லை. குடியிருக்கும் வீடு என்றால், பாக்கியைக் கட்ட 20 நாள் அவகாசம் கொடுத்து ஒரு பதிவுத் தபால் வரும். அப்புறம் ஏலத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்பாக இன்னொரு நோட்டீஸ். அதையே கவுண்ட்டி கோர்ட் வாசலிலும் ஒட்டுவார்கள். மாதத்தின் முதல் செவ்வாய், காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவில் ஏலம். நீதிபதி யாரும் எட்டிப் பார்க்க மாட்டார். வீட்டுக் கடனுக்காக ஏலம் போன வீட்டைப் பிறகு பணம் கட்டி மீட்கும் உரிமையும் அங்கே கிடையாது. சொத்து வரிக்காக ஏலம் போனால் குடியிருந்த வீட்டை இரண்டு வருடத்துக்குள் மீட்கலாம், அது வேறு கதை.

வீட்டின் கணக்கு

இன்றைய சந்தை விலை சுமார் 3,40,000 டாலர். பாக்கி, அபராதம், வக்கீல் செலவு எல்லாம் சேர்த்துக் கடனை முழுசாக அடைக்க 2,60,000 ஆகும். மாதத் தவணை, வரியும் இன்ஷூரன்சும் சேர்த்து, 2,250. அதாவது இந்த வீட்டுக்குள் 80,000 டாலர் அவர்களுடைய பணம் இருக்கிறது. இந்த 80,000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் அது குறுக்கே வரும்.

2024 ஆகஸ்ட் 20 அன்று முதல் மனு போட்டபோது ஆறு மாதத் தவணை பாக்கி, 13,500. சாப்டர் 13 என்பது கடனைத் துடைத்துவிடும் மனு அல்ல, அவகாசம் வாங்கும் மனு. பழைய பாக்கியை மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் சிறு தவணைகளாக டிரஸ்டியிடம், அதாவது பணத்தை வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தரும் அதிகாரியிடம், கட்ட வேண்டும். கூடவே, அந்தந்த மாதத்து வீட்டுத் தவணையையும் தவறாமல் கட்டிவர வேண்டும். பலர் இந்த இரண்டாவது பாதியில்தான் கவிழ்கிறார்கள். சான் அன்டோனியோவில் தொடங்கி 2015இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஹாரிஸ் எதிர் வீகலான் வழக்கின் கதையும் இதுதான். மனு போட்டபோது ஹாரிஸுக்கு வீட்டுக் கடனில் சுமார் 3,700 டாலர்தான் பாக்கி. அவர் சம்பளத்திலிருந்து டிரஸ்டிக்குப் பணம் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் நடப்புத் தவணை மறுபடி விழுந்தது, மனு போட்ட அதே வருடம் வங்கி அனுமதி வாங்கி வீட்டை எடுத்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது வீட்டுக்காக அல்ல, டிரஸ்டியின் கையில் மிச்சமிருந்த சில ஆயிரம் டாலருக்காக. அதில் அவர் ஜெயித்தார். வீடு அதற்கு ரொம்ப முன்பே போயிருந்தது.

நம் தம்பதியின் திட்டத்தை நவம்பரில் கோர்ட் ஏற்றுக்கொண்டது. டிசம்பர் கடைசியில் மனைவியின் வேலை நேரம் பாதியானது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் டிரஸ்டிக்கும் கட்டவில்லை, வங்கிக்கும் கட்டவில்லை. டிரஸ்டி தள்ளுபடி கேட்டு மனு போட்டார். பதில் சொல்ல வாய்தா இருந்தது. கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் உண்மையாகக் கையைவிட்டுப் போன வாய்ப்பு அதுதான். அந்த நேரத்தில் வருமானம் குறைந்ததைச் சொல்லித் திட்டத்தையே மாற்றித் தரும்படி கேட்க வழி இருந்தது.

உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது

தள்ளுபடி என்றால் எல்லாம் ஒன்றல்ல. மனுவோடு தர வேண்டிய பேப்பர்களை 45 நாளுக்குள் தராததால் தானாக விழுந்த மனு வேறு, கோர்ட் உத்தரவை வேண்டுமென்றே மீறியதாக நீதிபதி சொல்லித் தள்ளிய மனு வேறு. இரண்டாவது வகை என்றால் 180 நாளுக்குப் புது மனுவே போட முடியாது. இன்னொரு பொறியும் உண்டு. ஸ்டேயை விலக்கச் சொல்லி வங்கி மனு போட்ட பிறகு, ‘சரி, நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்’ என்று கடன்காரர் விலகினால், அப்போதும் அதே 180 நாள் தடை. தன் மனுவைத் தானே வாபஸ் வாங்குவதில் என்ன தப்பு என்று தோன்றும். வங்கி நெருங்கும்போதெல்லாம் வாபஸ், பிறகு புது மனு என்று ஓட்டியவர்களைத் தடுக்கப் போட்ட பூட்டு அது.

இவர்களுடைய உத்தரவில் அப்படி எதுவும் இல்லை. தவணை கட்டாததால் தள்ளுபடி, புது மனுவுக்குத் தடையில்லை. ஆகவே கதவுகள் திறந்தேதான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் மூடும்.

முதல் கதவு ஏப்ரல் 16 வரை. தள்ளுபடியை மறுபரிசீலனை செய்யக் கேட்கவும் மேல்முறையீடு செய்யவும் 14 நாள். தவறு நடந்த விதம் விளக்கக்கூடியதாக இருந்தால் இது அருமையான வழி. கட்டிய பணம் வேறு கணக்கில் ஏறிவிட்டது, நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய்விட்டது என்பது போல. மனு பழையபடி உயிர்பெற்றால், இரண்டாவது மனு போடும்போது வரும் தொல்லைகள் எதுவும் இல்லை. ஆனால் மூன்று மாதம் கட்டாதவர் வெறும் மன்னிப்போடு போனால் டிரஸ்டி ஒத்துக்கொள்ள மாட்டார். விட்டுப்போன பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அவர்களிடம் அது இல்லை. கதவு மூடியது.

37 நாள்

அடுத்தது சர்வீசர். மாதாமாதம் தவணை வாங்கும் நிறுவனம் பெரும்பாலும் கடனின் சொந்தக்காரர் அல்ல. வீட்டுக் கடன்களை வாங்கி வைக்கும் பெரிய நிறுவனங்களான ஃபேனி மேயோ ஃபிரெடி மேக்கோ கடனை வைத்திருக்கலாம், இல்லை அரசின் எஃப்.எச்.ஏ. அமைப்பு உத்தரவாதம் கொடுத்திருக்கலாம். என்ன சலுகை கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது. பாக்கியைக் கடனின் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, வட்டியையும் வருடங்களையும் மாற்றி எழுதுவது, சில மாதத்தில் பாக்கியைப் பிரித்துக் கட்டுவது, இப்படிப் பல. ஆகவே முதல் போன் கால் ‘என் கடன் யாரிடம் இருக்கிறது’ என்று கேட்பதற்கு.

ஃபெடரல் விதி சொல்வது இது: ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது முழுமையான விண்ணப்பம் சர்வீசர் கைக்குப் போய்விட்டால், அதற்குப் பதில் சொல்லாமல் ஏலம் நடத்தக் கூடாது. பதில் சொல்ல 30 நாள். இங்கே உயிர் ‘முழுமையான’ என்ற சொல்லில் இருக்கிறது. ஜூன் 3 ஏலத்துக்கு, விண்ணப்பம் ஏப்ரல் 26க்குள் முழுமையாக வேண்டும். இவர்கள் 21ஆம் தேதி அனுப்பினார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரு மாதம் விட்டுப்போயிருந்தது. சர்வீசர் அதைச் சொல்லி, இவர்கள் அனுப்பி, போய்ச் சேர்ந்தது 29ஆம் தேதி. 35 நாள்தான் மிச்சம். சர்வீசர் விரும்பினால் பார்க்கலாம், ஆனால் ஏலத்தை நிறுத்த இந்த விதி அவர்களைக் கட்டாயப்படுத்தாது.

ஒரு மாதத்து ஸ்டேட்மென்ட்! கொடுமை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இதைத் தவிர்க்க முடியும். அமெரிக்க வீட்டுவசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள் இப்படி வீடு ஏலத்துக்கு வரும் நிலையில் இருப்பவர்களுக்குக் காசு வாங்காமல் உதவுகிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டிருந்தால் அந்தப் பக்கம் விட்டுப்போயிருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முதல் மனு போடும் முன்பே முழு விண்ணப்பம் கொடுத்து மறுக்கப்பட்டு, அன்றிலிருந்து பாக்கியிலேயே இருந்து வந்திருந்தால், சர்வீசர் மறுபடி பார்க்கத் தேவையே இல்லை.

இதே வாரங்களில்தான் வீட்டு வாசலுக்கு அட்டைகள் வரத் தொடங்கும். ‘ஏலத்தை நிறுத்தித் தருகிறோம்’ என்பார்கள். பத்திரம் பதிவானதிலிருந்து, நோட்டீஸ் ஒட்டியது வரை எல்லாம் பொது ஆவணம், ஆகவே விலாசம் கிடைப்பதில் அதிசயமில்லை. கடனை மாற்றித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பதை ஃபெடரல் விதி தடை செய்கிறது, வேலையைத் தாமே நேரடியாகச் செய்யும் வக்கீலுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அதைவிட மோசமானது, வீட்டில் ஒரு சின்னப் பங்கை முன்பின் தெரியாத ஒருவர் பெயருக்கு எழுதித் தரச் சொல்வது. அந்த ஆள் தன் பெயரில் ஒரு திவால் மனு போட்டு ஸ்டே வாங்குவார். வங்கி இதைக் கண்டுபிடித்தால், அந்த வீட்டுக்கே இரண்டு வருடம் எந்த மனுவாலும் ஸ்டே பிடிக்காதபடி உத்தரவு வாங்கிவிடும். அப்போது உண்மையான சொந்தக்காரர் போடும் நேர்மையான மனுவும் செல்லாக்காசு.

விற்பதா, மறுபடி மனுவா

இங்கேதான் அந்த 80,000 வருகிறது. சந்தையில் 3,40,000க்கு விற்றால், தரகும் மற்ற செலவும் 22,000 போக, கடனை அடைத்தபின் 58,000 டாலர் கையில் நிற்கும். ஏலத்தில்? வங்கி தன் கடன் தொகையான 2,60,000க்குக் கேட்கும். வேறு யாரும் அதற்கு மேல் கேட்காவிட்டால் மிச்சம் பூஜ்யம். யாராவது 2,75,000 கேட்டால் உபரி 15,000 சட்டப்படி வீட்டுக்காரருக்குத்தான், வேறு அடமானம் இல்லாத வரை. ஆனால் உள்ளே போய்ப் பார்க்க முடியாத வீட்டுக்கு அன்றைக்கே பணம் கட்டி வாங்குகிறவர் முழு விலை கொடுக்க மாட்டார்.

குடியிருந்த வீட்டை விற்ற பணத்தைக் கிரெடிட் கார்டு நிறுவனங்கள் ஆறு மாதம் வரை தொட முடியாது என்பது டெக்சாஸ் சட்டத்தின் நல்ல பக்கம். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தைப் பிடிப்பதையும் அந்த மாநிலம் அனுமதிப்பதில்லை. ஆக, இவர்கள் நிஜமாகப் பயப்பட வேண்டியவர் ஒருவரே, வீட்டுக் கடன் கொடுத்தவர்.

அப்படியென்றால் விற்றுவிட வேண்டியதுதானே? மே முதல் வாரத்தில் விற்பனைக்குப் போட்டால் ஜூன் 3க்குள் வாங்குபவர் கிடைத்து, அவருக்குக் கடன் கிடைத்து, பத்திரம் முடிவது சந்தேகம். தவிர, ஏப்ரலில் ஒரு மாற்றம் நடந்திருந்தது: மனைவிக்கு முழுநேர வேலை கிடைத்திருந்தது. இருவர் சம்பளமும் சேர்த்து கைக்கு வருவது முன்பு 4,100 ஆகக் குறைந்திருந்தது, இப்போது 5,600.

இரண்டாவது சாப்டர் 13 மனு. 2005இல் திவால் சட்டத்தை மாற்றியபோது, தொடர்ந்து மனு போடுபவர்களைக் குறிவைத்தே ஒரு விதி சேர்த்தார்கள். முந்தைய ஒரு வருடத்துக்குள் ஒரு மனு நிலுவையில் இருந்து தள்ளுபடியாகியிருந்தால், புது மனுவின் ஸ்டே 30 நாள்தான். நீட்டிக்க வேண்டுமானால் மனு போட்டு, விசாரணையும் அந்த 30 நாளுக்குள் முடிய வேண்டும். இரண்டு மனு தள்ளுபடியாகியிருந்தால் ஸ்டே பிறக்கவே பிறக்காது, கேட்டு வாங்க வேண்டும். அதனால்தான், ஏலத்துக்கு முந்தின நாள் எதையும் யோசிக்காமல் போடும் மனுவை நான் ஆதரிக்க மாட்டேன். அது நாளைய ஏலத்தை நிறுத்தும். ஆனால் அது விழுந்தால் அடுத்த மனுவுக்கு ஸ்டேயே இல்லை.

அதோடு, ஏற்கப்பட்ட திட்டத்தின்படி கட்டாமல் முதல் மனு விழுந்திருந்தால், இரண்டாவது மனு நல்லெண்ணத்தோடு போடப்படவில்லை என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அதை உடைக்கும் பொறுப்பு மனுதாரருக்கு. ஏதோ நம்பும்படி சொன்னால் போதாது, தெளிவான, உறுதியான சான்று வேண்டும். வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், மாதச் செலவுக் கணக்கு, சம்பளத்திலிருந்து நேரடியாக டிரஸ்டிக்குப் பிடித்துக்கொள்ளச் சம்மதம். ‘இனிமேல் கட்டிவிடுவோம்’ என்பது சான்று அல்ல.

கணக்கு இப்படி வருகிறது. பாக்கி 24,000, 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 400. வீட்டுத் தவணை 2,250, கார் 420, டிரஸ்டி கட்டணமும் வக்கீலும் 130. மொத்தம் 3,200. சாப்பாடு, பெட்ரோல், மருத்துவம் என்று 2,100 போனால் 5,600இல் 3,500 மிச்சம். உபரி 300 டாலர். நீதிபதி ஏற்கலாம். எனக்கு அது போதாது என்றே படுகிறது. டெக்சாஸ் வெயிலில் ஏசி ஒரு முறை ரிப்பேரானால் அந்த 300 காணாமல் போகும்.

கடனையே குறைக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு 1993இன் நோபல்மன் வழக்குதான் பதில். அதுவும் டாலஸ் வழக்கு. 71,335 டாலர் கடன் இருந்த அடுக்குமாடி வீட்டின் மதிப்பு 23,500 ஆகச் சரிந்திருந்தது. மதிப்பளவுக்கு மட்டும் கட்டுகிறோம் என்று கேட்டார்கள். சொந்தக் குடியிருப்பின் மேல் மட்டுமே உள்ள அடமானத்தில் சாப்டர் 13 கை வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். சாப்டர் 7 என்ற இன்னொரு வகைத் திவால் மனுவும் இவர்களுக்கு உதவாது. அது கிரெடிட் கார்டு கடனைத் துடைக்கும், வீட்டு பாக்கியைத் தவணையாக்காது.

மாநிலக் கோர்ட்டில் ஏலத்துக்குத் தடை வாங்குவது என்றும் ஒன்று இருக்கிறது. 21 நாள் நோட்டீஸ் சரியாகக் கொடுக்கவில்லை, கட்டிய பணத்தை வரவு வைக்கவில்லை என்பது போல வங்கிப் பக்கம் உண்மையான ஓட்டை இருந்தால் மட்டும். இவர்கள் வழக்கில் ஓட்டை இல்லை.

மே 27

இரண்டும் சேர்த்துச் செய்தார்கள். மே 5 அன்று வீட்டை விற்பனைக்குப் போட்டார்கள். மே 27 அன்று இரண்டாவது மனு, கட்டணம் 313 டாலர். கடன் ஆலோசனை வகுப்புச் சான்றிதழ் 180 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், போன ஆகஸ்டில் வாங்கியது காலாவதி, எனவே மறுபடி வகுப்பு. ஸ்டேயை நீட்டிக்கும் மனுவை அன்றைக்கே சேர்த்துப் போட்டார்கள். திட்டத்தில் இரண்டு வரி கூடுதல்: பாக்கியைத் தவணையில் கட்டுவோம், நல்ல விலை வந்தால் கோர்ட் அனுமதியோடு வீட்டை விற்றுக் கடனை முழுசாக அடைப்போம். விற்கும் யோசனையை மறைக்காமல் எழுதியது புத்திசாலித்தனம். நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கும் நீதிபதிக்கு, வங்கிக்கு முழுப் பணம் வரும் பாதை ஒன்று கண்ணில் படுகிறது.

ஜூன் 3 ஏலம் நின்றது. அன்று நின்றிருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முறைப்படி நடந்த ஏலத்தில் வீடு விற்ற பிறகு, பாக்கியைக் கட்டி மீட்கும் உரிமையைத் திவால் சட்டமும் தருவதில்லை. மிச்சமிருப்பது காலி செய்யச் சொல்லும் மூன்று நாள் நோட்டீசும், கடன் முழுசாக அடையாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் வங்கி போடக்கூடிய வழக்கும்தான். அந்த வழக்கில் வீட்டின் உண்மையான சந்தை மதிப்பைக் கோர்ட் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு.

மே 27இலிருந்து 30 நாள் என்றால் ஜூன் 26. ஸ்டே நீட்டிப்பு விசாரணைக்குக் கடைசி நாள் அது, டிரஸ்டிக்கு முதல் தவணை கட்டக் கடைசி நாளும் அதுவே. விசாரணையில் தோற்றாலும், வீடு உடனே போய்விடாது என்று வாதாட டெக்சாஸில் ஒரு பிடி உண்டு. 30 நாளுக்குப் பிறகு ஸ்டே விலகுவது கடன் வாங்கிய ஆளைப் பொறுத்துத்தான், திவால் மனுவின் கீழ் வரும் சொத்தைப் பொறுத்து அல்ல என்று ரோஸ் வழக்கில், டெக்சாஸ் அடங்கிய பகுதிக்கான ஐந்தாவது சுற்று முறையீட்டு நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. பாஸ்டனில் உள்ள முதலாவது சுற்று நீதிமன்றம் அதற்கு முந்தின வருடமே நேர்மாறாகச் சொல்லிவிட்டது. ஆகவே இதே தம்பதி மசாசூசெட்ஸில் இருந்திருந்தால் இந்தப் பிடியும் இல்லை.

அந்த வாதம் எடுபடாது என்றே வைத்துக்கொள்வோம். ஜூன் 26க்குப் பிறகு வரும் முதல் செவ்வாய் ஜூலை 1. அதற்கு 21 நாள் நோட்டீஸ் ஜூன் 10க்குள் ஒட்டியிருக்க வேண்டும், அப்போது ஸ்டே இருந்தது. அடுத்தது ஆகஸ்ட் 5. வீடு விற்பனைக்கு வந்த நாளிலிருந்து அதற்குள் மூன்று மாதம் ஆகியிருக்கும். ஜூன் இரண்டாவது வாரத்தில் 3,31,000க்கு ஒருவர் கேட்டிருக்கிறார். கணவருக்கு விற்க மனமில்லை. மனைவி 300 டாலர் உபரிக் கணக்கை ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.